வாசகசாலை நூல்களை ஸ்கேன் செய்யலாம், இணையத்தில் ஏற்றலாமா?

கேள்வி: வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்க ஊரில் 1956-ல் ஆரம்பித்த வாசகசாலை இருக்கிறது. சுமார் 4,000 புத்தகம். பாதிக்கு மேல் தாள் பழுத்து, தொட்டாலே உதிர்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்க ஊர்ப் பையன்கள் ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒட்டுக்கா எல்லாத்தையும் ஸ்கேன் செய்து நெட்டில் போட்டுவிடலாம், லாப நோக்கம் இல்லாததால் அது ‘ஃபேர் யூஸ்’ என்றார்கள். 140 புத்தகம் போட்டும் விட்டோம். போன வாரம் கரூரிலிருந்து ஒரு எழுத்தாளர் குடும்பம் போன் செய்து, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று சத்தம் போட்டது. எங்களிடம் கோயில் மலர்கள், நின்றுபோன பத்திரிகைகள், உடுக்கடிப் பாட்டு கேசட்டுகள் எல்லாம் இருக்கின்றன. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது? ‘ஆட்சேபம் இருந்தால் எடுத்துவிடுகிறோம்’ என்று ஒரு வரி போட்டால் போதாதுங்களா?
– வாசகசாலைச் செயலாளர், ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கமுங்க. முதலில் கரூர்க் காரியத்தை முடியுங்கள். அவர்கள் புத்தகத்தை மட்டும் எடுத்தால் போதாது. 140 புத்தகங்களின் பொது இணைப்பையும் இன்றே நிறுத்தி வையுங்கள். கோப்புகளை அழிக்க வேண்டாம், அவை பின்னால் வேண்டியிருக்கும். பிறகு அந்தக் குடும்பத்துக்கு நாலு வரியில் கடிதம் எழுதுங்கள்: எந்த நூல், என்று ஏற்றினீர்கள், என்று எடுத்தீர்கள், எதற்காகச் செய்தீர்கள். போனில் சமாதானம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, அறிந்தே மீறியவரைத்தான் தண்டிக்கிறது. போன் வரும்வரை நீங்கள் அறியாமல் செய்ததாகச் சொல்ல இடமிருக்கிறது. வந்த பிறகும் விட்டு வைத்தால் அந்த இடம் போய்விடும். தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காகச் செய்யாத மீறலுக்கு நீதிமன்றம் காரணம் எழுதி இதைக் குறைக்கலாம். ‘லாப நோக்கம் இல்லை’ என்ற சொல்லுக்கு அங்கேதான் மதிப்பு. அது தண்டனையைக் குறைக்குமே தவிர, மீறலை மீறல் இல்லை என்று ஆக்கிவிடாது.

பையன்கள் சொன்ன ஃபேர் யூஸ் அமெரிக்கச் சட்டம். அங்கே 107-ஆவது பிரிவு நான்கு அளவுகோல்களைக் கொடுத்து, எந்தப் பயன்பாட்டையும் நீதிபதி எடைபோடலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தத் தராசில்தான் கூகுள் கோடிக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்து, தேடுகிறவருக்குச் சில வரிகளை மட்டும் காட்டியது சரி என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் முழுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்தபோது, 2024 செப்டம்பரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சரியல்ல என்றுவிட்டது. இத்தனைக்கும் அதுவும் லாப நோக்கமற்ற அமைப்புதான். முழு நூலை யாரும் படிக்கும்படி வைப்பது, கதவு திறந்திருக்கும் நாட்டிலேயே நிற்கவில்லை.

நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது நியாயமான கையாள்கை. 52-ஆவது பிரிவில், இன்னின்ன காரியம் மீறல் ஆகாது என்று எண்ணிக் கொடுத்த பட்டியல் அது. பட்டியலில் உங்கள் காரியம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நோக்கம் நல்லதா என்று அது கேட்பதில்லை.

நல்ல சேதி, பட்டியலில் நூலகத்துக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2012 திருத்தத்தில் வந்த ‘என்’ (n) கூறு சொல்வது: வணிக நோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே மின்வடிவம் அல்லாத பிரதியாக இருக்கும் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். ஆசிரியர் உயிரோடு இருந்தாலும், போன வருடம் வந்த புத்தகமானாலும் இது பொருந்தும். ஆக, 4,000 புத்தகத்தையும் ஸ்கேன் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. நெட்டில் ஏற்றுவது இன்னொரு காரியம். அதற்கு இந்தக் கூறில் ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் இடறிய இடம் இதுதான்: ஸ்கேனர் வந்த கையோடு இரண்டையும் ஒரே வேலையாக எண்ணிவிட்டீர்கள்.

இந்தக் கூறிலும் கவனிக்க வேண்டிய கண்ணிகள் உண்டு. ‘தன்னிடம் இருக்கும்’ என்பதால், பக்கத்து ஊர் ஆசிரியர் வீட்டிலிருந்து இரவல் வாங்கி ஸ்கேன் செய்தது இதில் அடங்காது. அவர் அந்தப் புத்தகத்தை வாசகசாலைக்குக் கொடையாகக் கொடுத்து, உங்கள் நூல் வரவுப் பதிவேட்டில் எண் ஏறிய பிறகு செய்தால் அடங்கும். ஸ்கேன் முடிந்ததும் இடம் அடைக்கிறது என்று மூலத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடவும் கூடாது. கையில் மூலம் இல்லாவிட்டால், எதைப் பாதுகாக்கச் செய்தோம் என்று காட்ட ஆதாரம் இருக்காது. உதிர்ந்த தாளையும் உறையில் போட்டு வரவு எண்ணை எழுதி வையுங்கள். ‘வணிக நோக்கற்ற பொது நூலகம்’ என்றால் எது என்று சட்டம் விளக்கம் தரவில்லை. அதனால் சங்க விதிகளில் ‘யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், வருமானம் பராமரிப்புக்கே’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுச் சேர்த்துவிடுங்கள். சந்தா வாங்குவது வேறு. பிடிஎஃப் ஒன்றுக்கு இருபது ரூபாய் என்று வாங்கத் தொடங்கினால் ‘வணிக நோக்கற்ற’ என்ற சொல் அன்றைக்கே ஆட்டம் கண்டுவிடும்.

அடுத்த கூறு ‘ஓ’ (o). இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகமாக இருந்தால், நூலகப் பொறுப்பாளர் நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். உதிரும் மூலத்தை உள்ளே வைத்துவிட்டு, நகலெடுத்துக் கட்டடம் செய்த பிரதியை வாசகருக்குக் கொடுக்க இது உதவும். கிடைக்காது என்பதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்துக்கு ஒரு அஞ்சலட்டை, அதற்கு வந்த பதில், ஆகஸ்ட்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் விசாரித்த தேதி, இவ்வளவு போதும். மறுபதிப்பு வந்துவிட்டதென்றால் இந்தச் சலுகை கிடையாது. ஒரு பிரதி வாங்கிவிடுவதே மலிவு.

பாதுகாப்புக்காகச் செய்த ஸ்கேனை வாசகசாலைக்கு உள்ளேயே ஒரு கணினியில் காட்டலாமா? சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கவில்லை. பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தல் என்பதன் விளக்கமோ அகலமானது. இணைய இணைப்பு இல்லாத ஒரே கணினி, பென்டிரைவ் செருக வழியில்லை, மூலப் பிரதி எத்தனை இருக்கிறதோ ஒரு நேரத்தில் அத்தனை பேருக்கு மேல் பார்க்க முடியாது என்ற ஏற்பாட்டில் ஆபத்து குறைவு என்பது எங்கள் கணிப்பு. உரிமை உள்ள நூலை இதற்கு மேல் கொண்டுபோக வேண்டாம். பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு மாணவர் வந்து ஒரு அத்தியாயம் கேட்டால் அது தனி. ஆராய்ச்சிக்கான நியாயமான கையாள்கை அதே 52-ஆவது பிரிவின் முதல் கூறிலேயே இருக்கிறது. வேண்டிய பக்கங்களையும் நோக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். முழுப் புத்தகமாகக் கேட்டால் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

இனி நெட்டில் ஏற்றும் காரியம். இதைப் புத்தகம் புத்தகமாகத்தான் பார்க்க வேண்டும். ஈரோட்டு மண்டியில் விரலி வேறு, கிழங்கு வேறு என்று மஞ்சளைப் பிரிப்பது மாதிரி அலமாரியைப் பிரியுங்கள். பிரிக்க உதவுவது ஆசிரியர் இறந்த ஆண்டு. பதிப்பு ஆண்டைப் பார்த்து முடிவு செய்வதுதான் பொதுவாக நடக்கும் தவறு. 1935-ல் அச்சான புத்தகமாக இருக்கும்; எழுதியவர் இளவயதில் எழுதி 1990 வரை வாழ்ந்திருப்பார். அந்தப் புத்தகம் 2050 முடியும்வரை உரிமையில்தான் இருக்கும்.

கணக்கு எளிது. உரிமை ஆசிரியரின் ஆயுள் முழுக்க, பிறகு இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு. இறந்த ஆண்டோடு 61-ஐக் கூட்டினால் வருவது, புத்தகம் விடுதலையாகும் ஆண்டு. திரு.வி.க. மறைந்தது 1953, 61 கூட்டினால் 2014. அந்த ஜனவரி 1 முதல் அவர் எழுத்து யாருக்கும் பொது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டு. பெயரில்லாமலோ புனைபெயரிலோ வந்து, எழுதியவர் யாரென்று வெளிப்படவே இல்லை என்றால் வெளியான ஆண்டோடு 61. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சானதற்கும் வெளியான ஆண்டுதான் கணக்கு. அரசு வெளியீடுகளுக்கும் அப்படியே: நிக்கல்சன் எழுதி 1887-ல் வந்த கோயம்புத்தூர் மாவட்ட மேனுவல் தாராளமாக ஏற்றலாம், 1966-ல் வெளியான கோயம்புத்தூர் மாவட்ட கெசட்டியர் 2027 ஜனவரியில்தான் பொதுவாகும்.

இந்தக் கணக்கைத் தாண்டி நமக்கு இன்னொரு வழி உண்டு, நாட்டுடைமை. 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி பாடல்களின் உரிமையை வாங்கியதில் தொடங்கி, தமிழ்நாட்டு அரசு பல எழுத்தாளர்களின் குடும்பங்களுக்குத் தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்கியிருக்கிறது. நம் பக்கத்து நாமக்கல் கவிஞர் இறந்தது 1972. காலக் கணக்குப்படி 2032 கடைசிவரை உரிமை இருக்க வேண்டும். ஆனால் அவருடைய நூல்கள் நாட்டுடைமையானதால் இன்றைக்கே ஏற்றலாம். பட்டியல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல், உங்கள் கையில் இருப்பது அதே ஆசிரியரா என்று ஊர், தந்தை பெயர், முதலெழுத்து எல்லாம் ஒத்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு புலவர்கள் இருப்பது நம் ஊரில் புதிதல்ல. அங்கேயே மின்னூலகத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் தேடிவிடுங்கள். அதே பதிப்பு ஏற்கெனவே தெளிவாக ஏறியிருந்தால், உங்கள் ஸ்கேனருக்கு அந்த வேலை மிச்சம்.

மூல ஆசிரியர் காலம் முடிந்ததாலேயே முழுப் புத்தகமும் பொதுவாகிவிடாது. கல்யாண வீட்டில் பாடும் மங்கல வாழ்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் 1980-களில் ஒருவர் அதற்கு உரையும் அருஞ்சொல் விளக்கமும் எழுதி அச்சிட்டிருந்தால், அந்த உரை அவருடையது. முன்னுரை எழுதியவருக்கு முன்னுரை. அட்டை ஓவியம் ஓவியருக்கு. மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவர் கணக்கும் முடிய வேண்டும். பக்க அமைப்புக்கும் எழுத்துருவுக்கும் இங்கிலாந்தில் தனி உரிமை இருக்கிறது, இங்கே இல்லை. ஆகவே புதுப் பதிப்பிலிருந்து பழைய மூலப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து, முன்னுரையையும் உரையையும் விட்டுவிட்டு ஏற்றலாம். உரை ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் ஓடினால் பழைய பதிப்பைத் தேடுங்கள். வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம்.

உரிமைப் பக்கத்தில் இருக்கும் வாசகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘ரிஜிஸ்டர் செய்யப்பட்டது’ என்று பழைய புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் காலம் முடிந்தால் முடிந்ததுதான். ஒன்றுமே போடவில்லை என்பதற்காக உரிமை இல்லை என்றும் ஆகாது. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. காலம் முடிந்த நூலில் உங்கள் வாசகசாலை முத்திரையைப் பக்கம் பக்கமாகக் குத்தி ‘உரிமை எங்களுக்கே’ என்று எழுதுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஸ்கேன் செய்ததால் புது உரிமை எதுவும் வராது. படிக்கிறவர் கண்ணுக்குத்தான் இடைஞ்சல்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு போடுங்கள். வரவு எண், தலைப்பு, ஆசிரியர், இறந்த ஆண்டு, அந்த ஆண்டு எங்கிருந்து தெரிந்தது, உரை அல்லது முன்னுரை எழுதியவர், முதல் பதிப்பு ஆண்டு, நாட்டுடைமையா, விடுதலை ஆண்டு, முடிவு, முடிவு செய்தவர் கையெழுத்து. ‘எங்கிருந்து தெரிந்தது’ என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நாளைக்கு யாராவது கேட்டால் உங்களைக் காப்பது அந்தக் கட்டம்தான். ஆண்டு தெரியவில்லை என்றால் ‘பொது’ என்று எழுதக் கூடாது, ‘நிறுத்தி வை’ என்று எழுதுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் ஏற்றுவதானால் ஒரு கூடுதல் எச்சரிக்கை: அமெரிக்காவில் இருக்கும் தளத்துக்கு அந்த நாட்டுக் கணக்கும் பொருந்தும். ஆசிரியர் 1941-க்கு முன் இறந்திருந்தால் இரண்டு நாட்டுக் கணக்கிலும் பொதுவாகச் சிக்கல் வராது. அதற்குப் பின் இறந்தவர்களுக்கு, இங்கே பொதுவான நூலுக்கே அங்கே உரிமை மிச்சமிருக்கலாம். இந்தியாவில் இருக்கும் தளத்தைப் பாருங்கள்.

இப்போது உரிமை உள்ள நூல்கள். நிலம் வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடலாம். புத்தகத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆசிரியர் பதிப்பகத்துக்குக் கிரயமாகவே எழுதிக் கொடுத்தாரா, ஒரு பதிப்புக்கு மட்டும் குத்தகை மாதிரி விட்டாரா என்பதுதான் முதல் விசாரணை. எழுத்தில் இல்லாத கிரயம் செல்லாது. பழைய ஒப்பந்தங்களில் மின்னூலைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது என்பதால், ஒப்பந்தம் இருக்கிறதென்று தெரிந்தால் பதிப்பகத்திடமும் குடும்பத்திடமும் சேர்த்தே அனுமதி வாங்குவது புத்தி.

அனுமதிக் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘அப்பா புத்தகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி போதாது. சட்டத்தின் 19-ஆவது பிரிவு, காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இணையத்துக்கு எல்லை ஏது? மேலும், கொடுத்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. அனுமதியை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு ஸ்கேனுக்கு இரண்டு வருடம் கழித்து வந்தால் கடிதம் செத்திருக்கும். ஆகவே கீழ்க்கண்ட மாதிரி எழுதி வாங்குங்கள்:

“காலஞ்சென்ற …… அவர்களின் சட்டப்படியான வாரிசுகளாகிய நாங்கள், அவர் எழுதிய …… (முதல் பதிப்பு …… ஆண்டு) என்ற நூலை …… வாசகசாலை மின்வடிவமாக்கவும், எழுத்துணரி (OCR) மூலம் தேடக்கூடிய பாடமாக மாற்றவும், இணையத்தில் உலகெங்கும் எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் இறக்கிக்கொள்ளவும் வைக்கவும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை அனுமதி தருகிறோம். இது வாசகசாலைக்கு மட்டுமே உரிய தனி உரிமை அல்ல. அச்சு உரிமை உள்ளிட்ட மற்றவை எங்களிடமே இருக்கும். இதற்கு உரிமைத் தொகை எதுவும் இல்லை. ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த அனுமதி செல்லும்.”

எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்டுவிட்டு, கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிடுவது அதிகம் நடக்கிறது. பின்னால் வரும் ஆட்சேபம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வாரிசுச் சான்றிதழின் நகலை இணைத்துக்கொள்ளுங்கள். கரூர்க் குடும்பத்திடமும் இந்தக் கடிதத்தோடு நேரில் போங்கள். ‘இறக்கிக்கொள்ளவும்’ என்ற சொல்தான் பல குடும்பங்களுக்கு உறுத்தும். அதை அடித்துவிட்டு ‘படிக்க மட்டும்’ என்று கேட்டால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

வாரிசு யாரென்றே தெரியாத நூல்களுக்குச் சட்டத்தில் 31-ஏ பிரிவு இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, பிறகு வணிக நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அது நிர்ணயிக்கும் தொகையைக் கட்டி உரிமம் வாங்க வேண்டும். விளம்பரச் செலவும் வக்கீல் செலவும் சேர்த்துப் பார்த்தால், அறுபது பக்க ஊர் வரலாற்றுக்கு இது கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட நூலை ஸ்கேன் செய்து உள்ளே வையுங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அதில் எந்தெந்த ஊர்களைப் பற்றி இருக்கிறது என்று நீங்களே எழுதிய நாலு வரிக் குறிப்பு ஆகியவற்றை மட்டும் நெட்டில் போடுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ‘இந்த ஆசிரியர் குடும்பத்தாரைத் தேடுகிறோம்’ என்ற வரியையும் சேர்த்துவிட்டால், நீதிமன்றத்தைவிட வேகமாகப் பேரன் பேத்திகள் வந்து சேர வாய்ப்புண்டு.

கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிப் பொன்விழா மலர் இவற்றில் ஒவ்வொரு கட்டுரையும் எழுதியவருடையது. விழாக் குழுவுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். குழு கூலி கொடுத்து ஸ்டுடியோக்காரரை எடுக்கச் சொன்ன புகைப்படங்கள் வேறு விதமான ஒப்பந்தம் இல்லாதவரை குழுவுக்கே சேரும். 61 கணக்கு முடியாத மலர்களைக் கட்டுரை கட்டுரையாகப் பாருங்கள். நன்கொடையாளர் பட்டியலில் வீட்டு முகவரியும் போன் எண்ணும் இருந்தால், உரிமை எப்படியிருந்தாலும் அந்தப் பக்கங்களை ஏற்றாதீர்கள்.

நின்றுபோன பத்திரிகைகளில், சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் எழுதியது பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு உரிமையாளருடையது. வெளியிலிருந்து எழுதியவர்களுடையது அவரவருக்கு. கையெழுத்தில்லாத துணுக்குகளுக்கு வெளியான ஆண்டுக் கணக்கு. ஒரு இதழை முழுதாக விடுவிக்க இருபது பேரைத் தேட வேண்டி வரும். இதழ்வாரியாகப் பொருளடக்கம் தட்டச்சு செய்து போடுவதே இப்போதைக்குப் பயன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

கேசட்டுகளை ஸ்கேனுக்கு முன்னால் கவனியுங்கள். நாடாவில் பூஞ்சை பிடித்தால் தாளைவிடச் சீக்கிரம் போய்விடும். பாதுகாப்புக்கான ‘என்’ கூறு ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக மாற்றினால் ஒரு மணி நேர ஸ்டீரியோ கேசட்டுக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். உடுக்கடிப் பாட்டாகப் பாடும் அண்ணன்மார் கதை பொதுச் சொத்து. ஆனால் உடுக்கையடித்துப் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு, வெளியிட்ட கம்பெனிக்கு ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டு. 1984-ல் விற்பனைக்கு வந்த கேசட் 2045-க்கு முன் நெட்டுக்குப் போகாது. நீங்களே இப்போது ஒருவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தால், பாடுவதற்கு முன்பே மேலே சொன்ன மாதிரி ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

‘ஆட்சேபம் இருந்தால் எடுத்துவிடுகிறோம்’ என்ற வரியைக் கேட்டீர்கள். புகார் எழுத்தில் வந்தால் 21 நாள் அணுகலை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. அது அடுத்தவர் ஏற்றியதைத் தாங்கி நிற்கும் தளங்களுக்கான ஏற்பாடு. ஏற்றியவர் நீங்கள். உங்களுக்கு அது குடை ஆகாது. அந்த வரி இருந்தால் கெடுதல் இல்லை. பதிவேட்டில் தவறாக முடிவு செய்த ஒன்றிரண்டு நூல்களுக்கு அது மரியாதையான வழி. அதை நம்பி 140 புத்தகத்தை ஏற்றக் கூடாது.

ஸ்கேன் வேலையில் இரண்டு மூன்று சொல்லிவிடுகிறோம். பழுத்த புத்தகத்தைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். மேலிருந்து படமெடுக்கும் வகை ஸ்கேனரையும், 100 பாகை அளவுக்குமேல் விரியாதபடி தாங்கும் மரத் தொட்டிலையும் பயன்படுத்துங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ போதும். அடிக்குறிப்பு பொடி எழுத்தாக இருந்தால் 400. டெம்மி அளவுப் பக்கம் ஒன்று 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 12.6 எம்பி; 200 பக்கப் புத்தகம் 2.5 ஜிபி; 4,000 புத்தகத்துக்கு 10 டிபி. கறுப்பு-வெள்ளைச் சாயலில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு தனி வன்தட்டில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

கோப்புகளுக்கு ‘காப்பு’, ‘பொது’ என்று இரண்டு வேறு கணக்கு, இரண்டு வேறு கடவுச்சொல். ஒரே டிரைவில் இரண்டு ஃபோல்டராக வைத்தால், மேல் ஃபோல்டருக்கு யாரோ ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று தட்டிவிட, காப்பும் சேர்ந்தே ஊருக்குத் திறந்துவிடும். உதவிக்கு வரும் பிள்ளைகள் சொந்தப் போனில் ஸ்கேன் செயலி வைத்து எடுத்தால், அது தானாகவே அவர்கள் மேகக் கணக்குக்கு ஒரு பிரதி அனுப்பிவிடும். வாசகசாலைக் கருவியில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் புதுப் புத்தகத்தையும் கணக்குப் பார்க்காமல் மாற்றலாம். பார்வையற்றோர், அச்சைப் படிக்க இயலாதோருக்காக, லாப நோக்கமின்றி, அவர்கள் பயன்படுத்தும் வடிவில் பிரதி செய்து கொடுப்பதை 52-ஆவது பிரிவின் ‘இசட்-பி’ கூறு அனுமதிக்கிறது. போன மாதம் வந்த நாவலையும் ஒலிநூலாகப் படித்துக் கொடுக்கலாம், திரை வாசிப்பான் படிக்கும் பாடமாக மாற்றலாம். பிரதி அவர்களுக்கு மட்டுமே போகிறது, கடை விற்பனைக்குள் நுழையவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அதே நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதி வாருங்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படி எத்தனை வாசகர்கள் என்று விசாரித்துவிட்டு, ஸ்கேனரின் முதல் மாத வேலையை அங்கிருந்துகூடத் தொடங்கலாமுங்க.